மாடிப்படியின் கீழே ஒரு பெட்டி

மிஸ்,

இன்று காலை என் மகள் ரீற்றா கைபேசியைப் பார்த்து வாசித்த ஒரு வரி என்னைக் கதிரையை விட்டு எழுப்பிவிட்டது.

மேல்மாடியில் மருமகன் பெரிய இன்டர்நெட் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். அது என் அறைவரைக்கும் எட்டவில்லை என்று போன கிழமை ஒரு வயரை இழுத்து, சவர்க்காரப் பெட்டியளவு கறுப்புப் பெட்டி ஒன்றை என் கட்டில் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். நன்றாகத்தான் வேலை செய்தது. இன்று ரீற்றா அறையைக் கூட்டித் தூசு தட்டினாள். தட்டி முடித்துக் கைபேசியை எடுத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஐ.பி. அட்ரஸ் எடுக்குதாம் அப்பா. எடுத்துக்கிட்டே இருக்குது."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்! மருமகனுக்கு ரெலிபோன் அடிக்கப் போனவளைத் தடுத்து, பெட்டியைக் கையில் எடுத்தேன். சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. நாம் வேலை செய்த வெள்ளவத்தைக் கந்தோரின் மாடிப்படிக்குக் கீழே அந்த அலுமாரியைத் திறந்தால் வருமே, அதே மணம். அப்படியே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கொப்பியும் பேனையும் எடுத்து வரச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். இலக்கம் மட்டும் தெரியும், பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. கைபேசி கொஞ்சம் காத்திருக்கட்டும். உங்களோடு கதைத்து முடித்துவிட்டுத்தான் இந்தப் பெட்டியைப் பார்ப்பேன்.

நீங்கள் எங்கள் கொட்டாஞ்சேனைக் கந்தோருக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? துறைமுகத்தில் சாமான் இறக்கிக் கொடுக்கும் கம்பெனி அது. நான் ரீ ஊற்றுவேன், கடிதம் கொண்டு ஓடுவேன், புதுக்கடைக்குப் போய் லோயரிடம் கையெழுத்து வாங்கி வருவேன். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மெலிந்த பிள்ளை. தோளில் ஒரு கறுப்புப் பை, அதற்குள் வயர் நறுக்கும் குறடு. கம்பியூட்டர் ஆள் வருகிறார் என்றதும் கோட்டுப் போட்ட ஒருவரை எதிர்பார்த்திருந்தோம். மேசைக்குக் கீழே தவழ்ந்து போன உங்களுடைய செருப்பு மட்டும்தான் அன்று முழுதும் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. மத்தியானம் வெளியே வந்து, தலையில் ஒட்டடையோடு என்னைப் பார்த்து, "அண்ணை, பிளேன்ரீ ஒண்டு கிடைக்குமே?" என்று கேட்டீர்கள். அந்த 'அண்ணை'யில் நான் விழுந்துவிட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

அது சண்டைக்காலம். துறைமுகத்தைச் சுற்றி ஒரு நாள் ஒரு வீதியை மூடுவார்கள், மறுநாள் இன்னொன்றை மூடுவார்கள். வேலைக்கு வருகிறவர்கள் நேரத்துக்கு வந்து சேர முடியாமல், பாதிக் கந்தோரை வெள்ளவத்தைக்கு மாற்றினார் மனேஜர். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் மேல்மாடி. ஒரு பக்கம் கணக்கறை, மறுபக்கம் கப்பல் பத்திரங்கள் எழுதும் அறை. கணக்குக் கம்பியூட்டர்களை மற்றவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று மனேஜர் சொன்னதால், இரண்டு அறையையும் வேறு வேறாகப் பிரித்து வைத்தீர்கள். நம்பர் கொடுக்கும் பெரிய மெஷின் மட்டும் கொட்டாஞ்சேனையிலேயே இருந்தது.

அந்தப் பிரிவினை எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் ரீக் கோப்பைகளை வைத்து விளங்கப்படுத்தினீர்கள். காலையில் ஒரு கம்பியூட்டரை எழுப்பினால், அதற்குத் தான் யார் என்று தெரியாதாம். "ஆராவது இருக்கிறியளோ, எனக்கொரு நம்பர் தாங்கோ" என்று அறை முழுக்கக் கேட்கக் கத்துமாம். "ஆனா அந்தச் சத்தம் அறைக்குள்ளதான் அண்ணை நிக்கும். சுவரைத் தாண்டாது. அதுதான் வாசலில ஒரு ஆளை நிப்பாட்டியிருக்கிறன்." மாடிப்படிக்குக் கீழே அலுமாரியில் வைத்த சின்னப் பெட்டிதான் அந்த ஆள். அது இரண்டு அறையின் கத்தலையும் கேட்டு, கொட்டாஞ்சேனைக்கு ஓடி, கணக்கறையில் ஒன்று கேட்கிறது, பத்திர அறையில் ஒன்று கேட்கிறது என்று சொல்லுமாம். எந்த அறை என்று அது சொல்வதைப் பார்த்துத்தான் பெரிய மெஷின் நம்பர் கொடுக்கும். கணக்கறைக்கு நடுவில் இருபது வரும் நம்பர், பத்திர அறைக்கு முப்பது வரும் நம்பர்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் தோட்டத்தில் அந்த நாளில் ரெலிபோன் இருந்தது முடுக்குக் கடை நானாவிடம் மட்டும்தான். யாருக்காவது அழைப்பு வந்தால் அவர்தான் வரிசை வீடுகளுக்கு வந்து சொல்வார், எங்கள் பதிலையும் கொண்டுபோய்ச் சொல்வார். "அப்ப இது நானா பெட்டி, மிஸ்" என்றேன். சிரித்துச் சிரித்து ரீயைச் சீலையில் ஊற்றிக்கொண்டீர்கள். அன்றிலிருந்து அதன் பெயர் நானா பெட்டி.

அப்படி நன்றாகத் தொடங்கியதுதான் பிறகு குழம்பியது.

ஒரு காலை கணக்கறையில் எவருக்கும் கணக்குத் திறக்கவில்லை. நீங்கள் கொட்டாஞ்சேனையிலிருந்தே நம்பர்களை மாற்றிக் கொடுத்துச் சமாளிக்க, இரண்டு நாள் நன்றாக இருந்தது. பிறகு ஒரு காலை பத்திர அறையில் அச்சு எடுக்க முடியவில்லை. நீங்கள் கொட்டாஞ்சேனையில் பெரிய மெஷினுக்கு முன்னால். நான் வெள்ளவத்தையில், கந்தோர் தந்த கைபேசியோடு. நீங்கள் வாடகைக்கு இருந்த அறை அந்த ஒழுங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனாலும் விடிந்ததும் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்துவிடுவீர்கள். நம்பர் கொடுக்கிறது அங்கே, பிழையும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள். யாராவது லிகிதர் எனக்குத் திரையில் நம்பரை வரவழைத்துத் தருவார். நான் மேசை மேசையாகப் போய் உங்களுக்கு வாசிப்பேன். எவ்வளவு சந்தோஷமான ஓட்டம் அது, மிஸ்! ஒரு பரீட்சையும் எழுதாத எனக்கு, ஒரு கட்டடமே நான் வாசிக்கும் இலக்கத்துக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது போல இருக்கும்.

நூற்று அறுபத்தொன்பதில் தொடங்கும் நம்பர் வந்தால் மட்டும் உங்கள் குரல் இறங்கிவிடும். கத்திக் கத்திப் பார்த்து ஒருவரும் பதில் சொல்லாவிட்டால் கம்பியூட்டர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் நம்பர் அது என்று சொல்லியிருந்தீர்கள். நான் அதற்கு அநாதை நம்பர் என்று பெயர் வைத்தேன். ஒரு நாள் மனேஜருடைய மெஷினிலேயே அது வந்து நின்றது. "சேர், ஒங்களுக்கும் அநாதை நம்பர்தான் வந்திருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கைபேசிக்குள் நீங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

ஒரு பின்னேரம் நீங்களே வந்து அலுமாரியைத் திறந்து பார்த்தீர்கள். எல்லா விளக்கும் பச்சையாகத்தான் மினுங்கின. ஆனால் கணக்கறை வயர் பத்திர அறை ஓட்டையிலும், பத்திர அறை வயர் கணக்கறை ஓட்டையிலும் இருந்தன. எல்லாம் ஒரே சாம்பல் நிற வயர்கள். அவசரத்தில் நான்தான் மாற்றிப் போட்டேனோ என்று உங்களையே திட்டிக்கொண்டு சரிசெய்தீர்கள். அந்தக் கிழமை முடியுமுன் மறுபடியும் குழப்பம். இம்முறை மூன்று வயருமே இடம் மாறிக் கிடந்தன, கொட்டாஞ்சேனைக்குப் போகும் வயர் உட்பட.

அலுமாரிப் பூட்டின் திறப்பு கட்டடக் காவலாளி குணபால அய்யேயிடம்தான் இருந்தது. மாத்தறைப் பக்கத்துக்காரர், வெற்றிலைக் கறைப் பல், ஒரு காது கேட்காது. யாராவது திறந்தார்களா என்று சிங்களத்தில் கேட்டீர்கள். இடுப்பைத் தட்டிக் காட்டி, திறப்பு என்னிடம் இருக்கும்போது யார் தொடுவது, ஒருவரும் தொடவில்லை என்று சத்தியம் பண்ணினார். பொய் சொல்லும் முகமே இல்லை.

அப்போதுதான் கந்தோரில் கதை மாறியது. தானாக வயர் மாறாது, யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று கணக்கறையில் ஒருவர் சொல்ல, எல்லாருடைய கண்ணும் ஒரு பக்கம் திரும்பியது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கண்ணுக்கு ஒரு இடம்தான் உண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புது ஆள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு வயர் நறுக்கினீர்கள்.

உங்கள் நெருக்கடி எனக்கு மட்டும்தான் தெரியும். அறையின் வீட்டுக்கார அம்மா நல்லவர்தான். ஆனால் பொலிஸ் வந்து கேட்கும்போதெல்லாம் அவரும்தான் பதில் சொல்ல வேண்டும். மாதக் கடைசிக்குள் நிரந்தர வேலைக் கடிதம் கொண்டு வந்து காட்டு, இல்லாவிட்டால் அறையை விட்டுவிடு பிள்ளை என்று சொல்லிவிட்டார். கடிதம் இல்லையென்றால் அறை இல்லை. அறை இல்லையென்றால் கொழும்பு இல்லை. கொழும்பு இல்லையென்றால் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போக உங்களுக்குப் பாதையும் இல்லை, அது மூடியிருந்தது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் மனேஜர். அவர் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னது, ரீத் தட்டோடு வாசலில் நின்ற எனக்கும் கேட்டது.

"முதலாளி என்னைத்தான் கேக்கிறார் பிள்ளை. திங்கக்கிழமைக்குள்ள சரிவராட்டி நான் வேற ஆளைத்தான் பாக்கவேணும்."

அந்த வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையில் எனக்கும் வேலை இருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து நாம் இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். காலி வீதியில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கி, பையைத் திறக்கச் சொல்லி, வரிசையாக நடக்கவிட்டு, அப்பால் நிற்கும் பஸ்ஸில் மறுபடி ஏறச் சொல்வார்கள். வரிசையில் என் முன்னால் நின்ற நீங்கள் திரும்பிக் கேட்டீர்கள். "அண்ணை, கணக்கறைக்கு முப்பது வந்தது எந்த நாள்?"

எனக்குத் திகதி தெரியாது. ஆனால் நாள் தெரியும். என் சோற்றுப் பார்சலை விரித்துக் காட்டச் சொன்ன காலை என்றேன். அன்று சோதனை ஏன் அவ்வளவு கடுமை என்று கேட்டீர்கள். முதல் நாள் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது என்றேன். அநாதை நம்பர் முதலில் வந்தது எப்போது என்று கேட்டீர்கள். பள்ளிக்கூடங்களை மத்தியானமே விட்டார்களே, அதற்கு மறுநாள். பள்ளிக்கூடத்தை ஏன் விட்டார்கள்? அன்றும் எங்கோ வெடித்தது.

நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். பின்னால் வரிசை முட்டியது. "யன்ன, யன்ன" என்று ஆமிக்காரன் நடக்கச் சொல்லிக் கையை ஆட்டினான். நீங்கள் அசையவில்லை. உங்கள் முகத்தில் எழுந்த வெளிச்சத்தை நான் இன்றும் பார்க்கிறேன், மிஸ். அந்தச் சாவடியில் அப்படி ஒரு முகத்தை யாரும் கண்டிருக்க மாட்டார்கள். பயப்படுகிற இடத்தில் ஒரு பிள்ளை திருவிழாவுக்கு வந்தது மாதிரி நின்றது.

"குண்டுச் செய்தி வந்த அடுத்த நாள்தான் அண்ணை நம்பர் குழம்புது. ஒவ்வொரு முறையும்."

பஸ்ஸில் ஏறியும் உங்களால் இருக்கையில் இருக்க முடியவில்லை. குண்டுக்கும் நம்பருக்கும் என்ன சம்பந்தம்? மின்சாரமா, வீதி மூடுவதா, ரெலிபோன் லைனா என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கினீர்கள். வெள்ளவத்தைச் சந்தைக்கிட்ட வரும்போது ஒரு விரல் மடங்காமல் நின்றது. "விடிய ஆர் அண்ணை முதல்ல கந்தோரைத் திறக்கிறது?"

திங்கட்கிழமை வந்தது. ஞாயிறு மாலை செய்தியில் மறுபடி ஒரு வெடிப்பு. கேட்டதும் செத்தவர்களுக்காக மாதாவிடம் செபம் சொன்னேன். அதோடு நாளைக்குக் குழம்பும் என்றும் தெரிந்துவிட்டது. அப்படி ஒரு காலம் அது, துக்கமும் துருதுருப்பும் ஒரே சட்டைப் பையில் கிடக்கும்.

கந்தோர் திறப்பதற்கு முன்னமே நீங்களும் நானும் ஒழுங்கைக்குப் போய்ச் சேர்ந்தோம். மொட்டைமாடிக்கு ஏறும் படியில் ஒளிந்து நின்று கைப்பிடிக் கம்பிகளுக்கிடையால் கீழே பார்த்தோம். உங்கள் கையில் ஒரு கடதாசிப் பை. அதில் என்ன என்று நீங்கள் சொல்லவில்லை.

குணபால அய்யே வந்தார். கதவுகளைத் திறந்தார். குப்பை வாளிக்குள் கம்பை விட்டுக் கிளறினார். ஒவ்வொரு கதிரையையும் சாய்த்து அடியில் பார்த்தார். பிறகு மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று, கும்பிட்டு, பன்சலையில் பிக்கு சொல்வது போல ஏதோ முணுமுணுத்தார். அலுமாரியைத் திறந்தார். இருட்டுக்குள் பச்சை விளக்குகள் மினுங்கின. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பெட்டியை இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி, கேட்கும் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதற்குள் மணிக்கூடு ஓடுகிறதா என்று கேட்டார், மிஸ். நெடுநேரம் கேட்டார். பிறகு நிம்மதியாக ஒரு மூச்சு விட்டுப் பெட்டியைக் கீழே வைத்து, மூன்று வயரையும் மூன்று ஓட்டையில், எது கைக்கு வந்ததோ அதை எது கண்ணில் பட்டதோ அதில், செருகினார். ஓட்டை நிறைந்தால் சரி என்பது அவர் கணக்கு.

நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு பொத்தவும் முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். அவர் திடுக்கிட்டு மேலே பார்த்தார். இறங்கிப் போய்க் கேட்டோம். அவருக்கு ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. முன்பு காவலுக்கு நின்ற கட்டடத்தில் வெடித்தபோதுதான் ஒரு காது போனதாம். ஆளில்லாத இடத்தில் விளக்கு மினுங்கும் பெட்டி ஒன்று, அதற்கு மேலால் இத்தனை பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள், செய்தி கேட்ட மறுநாள் அதைத் தூக்கிப் பார்க்காமல் உங்களை ஏறவிட என் மனம் கேட்குமா என்று சிங்களத்தில் திருப்பிக் கேட்டார். அப்படியென்றால் யாரும் தொடவில்லை என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "வேறு யாரும் தொடவில்லைதானே மல்லி" என்றார். எனக்கு அவர் அய்யே, அண்ணன்; அவருக்கு நான் மல்லி, தம்பி.

உங்கள் கடதாசிப் பையிலிருந்து கம்பளி நூல் வந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள். வயரிலும் ஓட்டைக்குப் பக்கத்திலும் ஒரே நிறத்தில் கட்டி ஒட்டினீர்கள். என்னையும் ஒன்று செருகச் சொன்னீர்கள். நான் தடவித் தடவிச் செருக, "டிக் எண்டு கேக்கவேணும் அண்ணை. கேக்காட்டி அது போகேல்லை" என்றீர்கள். குணபால அய்யேக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ஒரு அடி பின்னால் போய் நின்றார்.

மேலே ஓடினேன். கணக்கறை, இருபது. பத்திர அறை, முப்பது. ஒவ்வொரு மேசையிலும் நின்று கூவினேன். கீழே இருந்து நீங்கள் திரும்பக் கூவினீர்கள். என் வாழ்க்கையில் நான் போட்ட மிகப் பெரிய சத்தம் அதுதான்.

ஆனால் மனேஜர் வந்ததும் கேட்டது, என்ன சரியாயிற்று என்று அல்ல, ஏன் பிழை வந்தது என்று. குணபால அய்யேயின் பெயரைச் சொன்னால் காவல் கம்பெனி அன்றைக்கே அவரை நிறுத்திவிடும். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேசைக்கு முன்னால் நின்ற உங்கள் கைவிரல் கறுப்புப் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"பெட்டி வைச்ச இடம் பிழை, சேர். வயருக்கு அடையாளமும் போடேல்லை. ரெண்டும் என்ர பிழை."

"அடையாளம் இல்லாட்டி வயர் தானா எழும்பி நடக்குமோ பிள்ளை?"

மனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆரையோ மறைக்கிறாய், மறைக்கிற ஆளுக்கு நான் எப்படி நிரந்தரக் கடிதம் தருவது என்று கேட்டார். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. ஒரு சொல் சொன்னால் போதும், நீங்கள் தப்பிவிடலாம். நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குணபால அய்யே நின்றார். அரைக் காதில் எவ்வளவு விழுந்ததோ, தமிழ் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ, தெரியாது. உங்கள் முதுகைப் பார்த்தே விளங்கிக்கொண்டிருப்பார். உள்ளே வந்து சிங்களத்தில், கழற்றினது நான்தான் சேர், மிஸ்ஸுக்கு அது தெரியாது, இன்று காலை நான் செய்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார் என்றார். ஏன் கழற்றினார், எப்படிக் காதில் வைத்தார் என்று கையால் செய்தும் காட்டினார்.

மனேஜர் அவர் பக்கம் திரும்பினார். பிறகு சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை நாளில் ஏதாவது சத்தம் கேட்டதா?

"இல்லை சேர். இன்றைக்கும் இல்லை."

மனேஜர் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், பெட்டி இனி மேலே என் அறையில் இருக்கட்டும், குணபால ஒவ்வொரு காலையும் வந்து காதை வைத்துப் பார்க்கட்டும், வயரை மட்டும் தொட வேண்டாம். பிறகு மேசை லாச்சியை இழுத்து, முன்னமே அடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். காவல் கம்பெனிக்கு அவர் ஒன்றும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எத்தனை தரம் எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறீர்கள். இன்று நான் சொல்கிறேன். கடிதத்தோடு படியில் இறங்கி ஓடினீர்கள். குணபால அய்யேக்கு இங்கிலீஷ் தெரியாது. கடிதத்தைக் கையில் வாங்கி, மடித்து, கேட்கும் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். "சத்தம் ஒன்றும் இல்லை மிஸ். நல்ல கடிதம்" என்றார். நாம் மூன்று பேரும் மாடிப்படிக்குக் கீழே நின்று சிரித்த சிரிப்பில் கணக்கறை எல்லாம் எட்டிப் பார்த்தது. அன்று பின்னேரமே வீட்டுக்கார அம்மாவிடம் கடிதத்தைக் காட்டினீர்கள். அதை அவர் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாராம்.

பிறகு ஒரு காலை அந்த ஒழுங்கையைச் சுற்றி வளைத்துச் சோதனை. கடிதத்தையும் அடையாள அட்டையையும் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றீர்கள். நான் வரும்போது உங்கள் பக்கத்தில் குணபால அய்யேயும் நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பொலிஸ்காரன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, "அபே மிஸ்" என்றார். எங்கள் மிஸ். அவ்வளவுதான் சொன்னார். கடிதம் உங்கள் கைக்குத் திரும்பி வந்தது.

சண்டை முடிந்தது. நீங்கள் கடல் தாண்டிப் போனீர்கள். பெரிய பெரிய கட்டடங்களில் நம்பர் கொடுக்கிறேன் அண்ணை என்று ரெலிபோனில் சொல்லுவீர்கள். எங்கே ஒரு பெட்டி மக்கர் பண்ணினாலும், யார் இதைக் காதில் வைத்துப் பார்த்தது என்று முதலில் கேட்கிறீர்களாம், அங்கே ஒருவருக்கும் விளங்குவதில்லையாம். கடைசியாகக் கதைத்தபோது குரல் மெலிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று சொல்லாமல், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் விளக்கு மினுங்குகிறது, அதற்கு என்ன நம்பர் என்று பார்க்க எட்டவில்லை என்றீர்கள். போன மாசம் உங்கள் தங்கச்சி ரெலிபோன் எடுத்தா. குரலைக் கேட்டதுமே நீங்கள் இனி இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ரெலிபோனை வைத்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, இதைக் குணபால அய்யேக்கு யார் சொல்வது என்பதுதான். அவர் இப்போது பேலியகொடையில் மகள் வீட்டில் இருக்கிறார். கைபேசியில் சொன்னால் அவருக்கு ஒன்றும் கேட்காது. ரீற்றா வேண்டாம் என்று தடுத்தும் பஸ் ஏறிப் போனேன். மீன் சந்தைக்கு அப்பால், வெயிலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்கும் காதுக்குக் கிட்டக் குனிந்து சொன்னேன். ஒரு தரம்தான் சொன்னேன். அவர் கண்ணை மூடினார், அன்று பெட்டியைக் கேட்டது மாதிரியே.

கண்ணைத் திறந்ததும், "நான் முந்திப் போயிருக்க வேண்டும் மல்லி" என்றார். ஏன் என்று கேட்டேன். "வாசலில் நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா, அபே மிஸ் என்று?"

மிஸ், ரீற்றா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். கைபேசியை நீட்டுகிறாள். அது இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறதாம்.

மடியிலிருந்த பெட்டியைத் தூக்கி ஒரு தரம் காதில் வைத்துப் பார்த்தேன். அவள் சிரிக்கிறாள், சிரிக்கட்டும். பின்னால் தடவினேன். தூசு தட்டின கையில் வயர் பாதி கழன்று, ஓட்டைக்குள் இருப்பது மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெருவிரலால் அழுத்தினேன்.

டிக்.

"வந்திருச்சு அப்பா" என்கிறாள். நம்பர் என்ன, அதைத் தேடி எடுத்து வாசி என்றேன். இது எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே தேடி, ஒவ்வொரு இலக்கமாக வாசித்தாள். முதல் மூன்று இலக்கத்தையும் மறுபடி வாசிக்கச் சொன்னேன். நூற்று அறுபத்தொன்பது இல்லை.

யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள், மிஸ்.